எலிக்குக் கொடுத்த நெல்லிக்காயும் நமக்கு விற்கும் பொடியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு மலரில், மருத்துவப் பக்கத்தில் நெல்லிக்காய்ப் பொடி பற்றி அரைப் பக்கம் வந்திருந்ததே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "மரபணுவில் ஒட்டியிருக்கும் ஈயம், காட்மியம், ஆர்செனிக் ஆகிய நச்சு உலோகங்களைக் கழுவி வெளியேற்றும், எலிகளில் நிரூபிக்கப்பட்டது" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தீர்கள். மேலே பார்த்தால் கட்டுரை மாதிரி இருக்கிறது, அடியில் பார்த்தால் ஒரு கைப்பேசி எண், டப்பா 89 வெள்ளி (ரிங்கிட்), மூன்று வாங்கினால் தபால் செலவு இல்லை. அன்று மத்தியானத்துக்குள் எங்கள் தாமான் குடியிருப்பின் புலன (வாட்ஸ்அப்) குழுவில் அந்தப் பக்கம் படமாக வந்துவிட்டது, "நம்ம பேப்பர்லயே போட்டுட்டாங்க" என்ற குறிப்போடு. பொடி விற்பவரை நம்பி யாரும் வாங்கவில்லை ஐயா, உங்களை நம்பித்தான் வாங்குகிறார்கள், அதனால்தான் கடிதம் அவருக்குப் போகாமல் உங்களுக்கு வருகிறது.

நான் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். எலிக்கூண்டு கழுவுவது, தீனி போடுவது, எடை பார்ப்பது என்று ஆரம்பித்த வேலை, பிற்பாடு ஸ்லைடு தயார் பண்ணவும் மைக்ராஸ்கோப்பில் எண்ணவும் கற்றுக்கொடுத்தார்கள். பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளப் பட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் எலியில் ஒரு விஷயத்தை நிரூபிப்பது என்றால் என்னென்ன நடக்க வேண்டும் என்பது எனக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

முதலில் நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெல்லிக்காயை வைத்து அப்படிப்பட்ட சோதனை நடந்தது உண்மைதான். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் அர்ச்சனா சர்மா என்று குரோமோசோம் ஆராய்ச்சியில் பெரிய பெயர் எடுத்தவர் இருந்தார், பத்மபூஷண் வாங்கியவர். அவருடைய குழு 1990-ல் வெளியிட்ட ஆய்வில், ஈய நைட்ரேட்டும் அலுமினியம் சல்பேட்டும் சுண்டெலியின் எலும்பு மஜ்ஜைச் செல்களில் குரோமோசோம்களை உடைப்பதை நெல்லிக்காய்ச் சாறு குறைக்கிறதா என்று பார்த்தார்கள். குறைத்தது. வெறும் வைட்டமின் சி கொடுத்ததைவிடப் பழச்சாறு நன்றாகவே வேலை செய்தது. குறை சொல்ல ஒன்றுமில்லாத ஆய்வு. ஆனால் எந்த வரிசையில் கொடுத்தார்கள் என்பதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. ஏழு நாள் நெல்லிக்காய், அதற்கு அப்புறம்தான் உலோகம், அதுவும் வயிற்றறைக்குள் ஊசியாக. உங்கள் பக்கத்தில் விற்பதோ பல வருடமாக உடம்பில் சேர்ந்ததைச் சுத்தம் பண்ணும் பொடி. மழை வருவதற்கு முன்பே குடை விரித்தவன் நனையவில்லை என்பதைக் காட்டி, தொப்பலாக நனைந்தவனிடம் போய் இந்தக் குடை உன்னைக் காயவைக்கும் என்று விற்கிற கதை இது.

இது ஏதோ சின்ன விவரம் என்று நினைத்துவிடாதீர்கள். இந்த மாதிரிச் சோதனைகள் எதை எண்ணுகின்றன என்று தெரிந்தால் புரியும். குட்டிக்கரு சோதனை என்று ஒன்று உண்டு, உலகம் முழுக்க இதைத்தான் அதிகமாகச் செய்கிறார்கள், ஓஇசிடி என்ற பன்னாட்டு அமைப்பு இதற்கு 474 என்று எண் போட்டு வழிமுறையே வைத்திருக்கிறது. எலிக்கு உலோக உப்பைக் கொடுத்து, பெரும்பாலும் ஒரு நாள் இரண்டு நாள் கழித்து, அதைக் கொன்று தொடை எலும்பை எடுத்து, உள்ளே இருக்கும் மஜ்ஜையை ஊசியால் பீய்ச்சி வெளியே எடுத்து, கண்ணாடியில் தேய்த்துச் சாயம் போடுவோம். சிவப்பணு உருவாகும்போது கடைசிக் கட்டத்தில் தன் கருவை வெளியே தள்ளிவிடும். குரோமோசோம் உடைந்து துண்டு ஏதாவது தனியாகக் கிடந்தால் அது மட்டும் உள்ளேயே தங்கிவிடும், கருவே இல்லாத செல்லுக்குள் ஒரு சின்னப் பொட்டு. அந்தப் பொட்டைத்தான் எண்ண வேண்டும். ஒரு எலிக்கு 4,000 இளம் சிவப்பணு பார்க்க வேண்டும் என்று இப்போதைய விதி, முன்பு 2,000-தான் இருந்தது. உலோகமே கொடுக்காத எலிக் கூட்டம் ஒன்று, மூன்று அளவுகளில் உலோகம் கொடுத்த கூட்டங்கள், அப்புறம் நிச்சயமாகக் குரோமோசோமை உடைக்கும் என்று தெரிந்த மருந்து கொடுத்த கூட்டம் ஒன்று. அதற்கு வழக்கமாகச் சைக்ளோபாஸ்பமைடு எடுப்பார்கள், ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ஏற்றுகிற அதே மருந்து. எந்த ஸ்லைடு எந்த எலியுடையது என்று எண்ணுகிறவளுக்குத் தெரியக்கூடாது, மேலே ரகசிய எண் மட்டும்தான் இருக்கும், ஏனென்றால் தெரிந்தால் நமக்கு வேண்டிய பக்கம் கண் சாய்ந்துவிடும். மைக்ராஸ்கோப்பில் குனிந்தே வந்த கழுத்து வலியைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை, விடுங்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த இளம் சிவப்பணுவின் ஆயுள் கொஞ்ச காலம்தான். நாங்கள் எண்ணிய பொட்டு, எலியின் உடம்பில் விஷம் இருந்த அந்த ஒன்றிரண்டு நாளில் நடந்த உடைப்பு. நெல்லிக்காய் தின்ற எலியில் பொட்டு குறைவாக இருந்தால், உடைப்பு குறைவாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். உடைந்ததை ஒட்டவைத்தது என்றோ, உள்ளே போன ஈயத்தை வெளியே இழுத்து வந்தது என்றோ அதிலிருந்து சொல்லவே முடியாது. அதைச் சொல்ல வேறு சோதனை வேண்டும்: உலோகத்தைப் பல மாதம் கொடுத்து நிறுத்தி, பிறகு நெல்லிக்காய் கொடுத்து, எலும்பிலும் சிறுநீரகத்திலும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும்.

உங்கள் கட்டுரையில் பச்சையாக மின்னும் உருண்டையும் அதற்கு ஒரு வாலும் இருந்த படத்தைப் போட்டு, கீழே "ஈயம் ஒட்டிய மரபணு" என்று எழுதியிருந்தீர்கள். அது வால்மீன் சோதனையின் படம். செல்லை அகரோஸ் கூழில் பதித்து, அதன் சவ்வையெல்லாம் கரைத்து, கடும் காரக் கரைசலில் ஊறவைத்து மின்சாரம் பாய்ச்சினால், முழுசாக இருக்கும் டிஎன்ஏ இருந்த இடத்திலேயே கிடக்கும், நைந்துபோன துண்டுகள் நேர்மின் முனையை நோக்கி இழுபட்டு வாலாக நீளும். 1984-ல் சுவீடனில் ஆரம்பித்தது, நரேந்திர சிங்கும் கூட்டாளிகளும் 1988-ல் காரத்தைச் சேர்த்துத் திருத்திய முறைதான் இன்றைக்கு எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்த வாலில் இருப்பது டிஎன்ஏ, பச்சையாக மின்னுவது நாம் போட்ட சாயம். ஈயம் என்று அந்தப் படத்தில் கண்ணுக்குத் தெரிவது எதுவும் இல்லை.

ஈயம் மரபணுவில் போய்ப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்வதும் இல்லை. பெரியவர்கள் உடம்பில் சேர்ந்த ஈயத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் எலும்பில்தான் இருக்கும், கால்சியம் போகும் வழியில் அதுவும் போய் உட்கார்ந்துகொண்டு பல பத்தாண்டு நகராது. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும், பாதி வெளியேறவே 10 முதல் 30 வருடம் ஆகும். அது டிஎன்ஏவை நேராக வெட்டுவதைவிட, உடைந்ததைச் சரிசெய்யும் நொதிகளின் கையைக் கட்டிப்போடுவதுதான் பெரிய கெடுதல். ஆர்செனிக்கும் கிட்டத்தட்ட அந்த ரகம். அதனால்தான் மரபணு மாறுகிறதா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் ஏம்ஸ் சோதனையில் இந்த உலோகங்கள் பல நேரம் நல்லபிள்ளையாகத் தப்பித்துவிடும், எலிவரைக்கும் போனால்தான் வண்டவாளம் தெரியும். ஆறு இணைதிறன் குரோமியம் (குரோமியத்தின் நச்சு வடிவம்) மட்டும் வேறு. சல்பேட் போலவே உருவம் இருப்பதால் சல்பேட் நுழையும் வாசல் வழியாகச் செல்லுக்குள் போய், உள்ளே மூன்று இணைதிறனாக மாறும்போது டிஎன்ஏவிலேயே ஒட்டிக்கொள்ளும். பொடிக்காரர் பட்டியலில் அதன் பெயர் மட்டும் இல்லை!

இதே இடத்தில் வைட்டமின் சி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நெல்லிக்காய் என்றாலே எல்லோருக்கும் அதுதான் ஞாபகம். குரோமியம் வயிற்றில் இருக்கும்போதே வைட்டமின் சி அதைப் பிடித்து மாற்றிவிட்டால் அது செல்லுக்குள் நுழைய முடியாது, நல்லது. ஆனால் செல்லுக்குள் நுழைந்துவிட்ட குரோமியத்தை அதே வைட்டமின் சி மாற்றும்போதுதான் டிஎன்ஏவில் ஒட்டும் வேலை நடக்கிறது. ஒரே சத்து, இருக்கும் இடத்தைப் பொறுத்து காப்பான், இல்லையென்றால் கூட்டாளி. அதோடு சுண்டெலி தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே தயாரித்துக்கொள்ளும் பிராணி, நம்மால் அது முடியாது. எலிக்குக் கூடுதலாக நெல்லிக்காய் கொடுத்து வந்த முடிவை அப்படியே தூக்கி நமக்குப் போட முடியாததற்கு இது ஒன்றே போதும்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா இந்தப் பொடியை மூன்று டப்பா வாங்கிவிட்டார். அவர் வீட்டுக்காரர் தோட்டத்தில் உரம் போட்டவர், மருந்தடித்தவர், இப்போது சிறுநீரகம் பழுதாகி பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்துகொண்டிருக்கிறார். பாஸ்பேட் உரத்தில் காட்மியம் கலந்திருக்கும் என்பது உண்மைதான், பாறையிலேயே இருப்பது அது, ஐரோப்பாவில் 2022 முதல் ஒரு கிலோ பாஸ்பேட்டுக்கு 60 மில்லிகிராம் என்று வரம்பே வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இவருக்குச் சிறுநீரகம் போனது என்று நான் சொல்ல மாட்டேன், அவருக்கு ரொம்ப வருடமாகச் சர்க்கரை, அதுவே போதும். ஆனால் அக்கா என்னிடம் கேட்ட கேள்வி, "எலிக்கே சரியாயிருச்சாம்மா, மனுசனுக்கு ஆகாதா?" எலிக்கு எதுவும் சரியாகவில்லை அக்கா, அந்த எலியைக் கொன்றுதான் எண்ணினோம் என்று சொன்னேன், முகம் சுருங்கிப்போனது. சிறுநீரகம் சரியில்லாதவர்கள் வைட்டமின் சியை அளவுக்கு மீறி எடுத்தால் ஆக்சலேட் என்ற உப்பு சேர்ந்து இருப்பதும் கெடும், டாக்டரிடம் டப்பாவைக் காட்டாமல் ஒரு கரண்டி கூடக் கொடுக்காதீர்கள் என்றும் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டாரா என்று இன்னும் தெரியவில்லை, கறிவேப்பிலை கேட்டு வருவது நின்றிருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் எலிச் சோதனையெல்லாம் வீண், பாவம் அந்த ஜீவன்கள் என்று யாராவது எழுதினால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எலிகள் பாவம்தான், சந்தேகமில்லை, கையில் பிடித்தவளுக்கு அது தெரியும். நம் மலேசியாவில் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம் வந்த பிறகு ஆராய்ச்சிக்கும் உரிமம் வேண்டும், நினைத்தபடி செய்ய முடியாது. ஆனால் குரோமியம் கலந்த குடிநீரைக் குடித்தால் என்ன ஆகும் என்று அமெரிக்க அரசின் நச்சியல் திட்டம் இரண்டு வருடம் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 2008-ல் அறிக்கை வெளியிட்டது, பெரிய எலிகளுக்கு வாயிலும் சுண்டெலிகளுக்குச் சிறுகுடலிலும் கட்டி வந்தது, குடிநீர் வரம்பு பற்றிய பேச்சு அதற்குப் பிறகு இன்னும் சூடுபிடித்தது. ஜப்பானில் ஆலையின் பாதரசக் கழிவு கடல் மீன் வழியாக ஊர் ஜனங்களை நோயில் தள்ளிய மினமாட்டா விவகாரம் தெரிந்திருக்கும். அங்கே சிஸ்ஸோ ஆலையின் சொந்த மருத்துவமனை டாக்டர் ஹோசோகாவா, 1959-ல் ஆலைக் கழிவுநீரைத் தீனியில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400-ஆம் எண் பூனை என்று பெயர். அக்டோபரில் அந்தப் பூனைக்கு ஊர் ஜனங்களுக்கு வந்த அதே வலிப்பு வந்தது. நிறுவனம் முடிவை அமுக்கிவிட்டது, பாதரசக் கழிவு 1968 வரைக்கும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. டாக்டர் சாகும் தறுவாயில், 1970-ல், ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து சாட்சி சொன்னார். சோதனை சரியாகத்தான் பேசியது, கேட்டவர்கள்தான் தமக்கு வேண்டியபடி நடந்துகொண்டார்கள். நிறுவனம் தனக்குப் பிடிக்காத முடிவை மறைத்தது, இங்கே பொடிக்காரர் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் அச்சடிக்கிறார்.

எலி தவறவிட்டதும் உண்டு, மறைக்கக்கூடாது. ஆர்செனிக் மனிதர்களுக்குப் புற்றுநோய் தரும் என்று தைவான் கிணறுகளிலிருந்து தெரிந்த பிறகும், ரொம்ப காலம் ஆய்வகப் பிராணிகளில் அதைக் காட்ட முடியாமல் தவித்தார்கள். பெரிய எலியின் சிவப்பணு ஆர்செனிக்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் உடம்பு அப்படிச் செய்யாது. ஆக எலியில் ஒன்றும் வரவில்லை என்பதும் நமக்கு உத்தரவாதம் இல்லை.

ஆர்செனிக் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் பழைய ஆட்கள்தான் நினைவுக்கு வருகிறார்கள். ரப்பர்க் காலத்தில் லாலாங் புல்லைக் கொல்ல மலாயாத் தோட்டங்களில் அடித்தது சோடியம் ஆர்செனைட். பாராகுவாட் களைக்கொல்லி எல்லாம் அதற்குப் பின்னால் வந்தது, அதுவும் 2020-ல்தான் இங்கே ஒருவழியாகத் தடையானது. ஆய்வுக்கூடத்தில் சுண்டெலிக்குக் கொடுக்க அதே சோடியம் ஆர்செனைட்டைத்தான் நாங்கள் கையுறை, முகமூடி போட்டு, காற்று உறிஞ்சும் பெட்டிக்குள் வைத்து, மில்லிகிராம் கணக்கில் எடை போட்டோம், சிந்தினால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தீம்பாரில் (ரப்பர்க் காட்டில்) அதைத் தொட்டியில் கரைத்து முதுகில் சுமந்தவர்களுக்கு யார் கையுறை கொடுத்தார்கள்? எங்கள் தாத்தா தலைமுறையில் எத்தனை பேருக்கு என்ன நோய் அதனால் வந்தது என்று எண்ணி வைத்த கணக்கு எதையும் நான் பார்த்ததில்லை. எலிக்காவது ஆளுக்கு 4,000 செல் எண்ணினோம்.

இதனால் ஊர்க்காரர்கள் பயப்படுவதில் எனக்குக் கேலி கிடையாது. பழைய வெள்ளீயச் சுரங்கக் குட்டைகளில் மீன் பிடித்துத் தின்கிறோம், பழைய பேட்டரியை உடைத்து ஈயம் எடுப்பவர்கள் இருக்கிறார்கள், செம்புக் கம்பிக்காக வயரைக் கொளுத்தினால் புகை எல்லார் வீட்டுக்கும்தான் வருகிறது. அந்தப் பயத்தில்தான் 89 வெள்ளி போகிறது. அந்தப் பணத்துக்குக் கிடைப்பதும் சுத்தமா என்று கேட்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதப் பொருள்களை வாங்கிச் சோதித்து 2004-ல் வெளியிட்டார்கள், 14-ல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. நம் நாட்டில் பதிவு செய்த பாரம்பரிய மருந்துக்கு ஒரு கிலோவில் ஈயம் 10 மில்லிகிராம், ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3 என்று உச்ச வரம்பு இருக்கிறது, டப்பாவில் எம்ஏஎல் என்று ஆரம்பித்து டி என்று முடியும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அக்கா வாங்கிய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இரண்டுமே இல்லை. அந்தக் கைப்பேசி எண்ணுக்கும் அழைத்தேன், எந்த ஆய்வு என்று கேட்டதற்கு "எல்லா யூனிவர்சிட்டியிலயும் இருக்கு மேடம்" என்றார் ஒரு பையன், குரல் மரியாதையாகத்தான் இருந்தது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மருந்து விளம்பரம் என்றால் சுகாதார அமைச்சின் விளம்பர வாரியம் கொடுக்கும் கேகேஎல்ஐயு என்ற அனுமதி எண் வேண்டும், 1956-ஆம் ஆண்டுச் சட்டம் சிறுநீரக நோயையும் புற்றுநோயையும் சொல்லி மக்களிடம் மருந்து விற்க விடாது, இதெல்லாம் எனக்குத் தெரிந்ததைவிட உங்கள் விளம்பரப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும். காசு வாங்கிப் போட்டதென்றால் மேலே "விளம்பரம்" என்று போடுங்கள். நிருபர் எழுதியதென்றால், அடுத்த முறை எலி என்ற சொல் வரும் இடத்தில் எந்த எலி, எவ்வளவு உலோகம், வாய் வழியாகவா ஊசியாகவா, மருந்து முன்னாலா பின்னாலா என்று நாலு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு ஒரு திருத்தமும் வேண்டும், அதே அளவு எழுத்தில், அதே பக்கத்தில். மூலையில் போட்டால் எங்கள் குழுவில் யாரும் படமெடுக்க மாட்டார்கள்.

கடைசியாக, உண்மையிலேயே பேட்டரி, வெல்டிங், பழைய இரும்பு, மின்சாதனக் கழிவு என்று வேலை செய்பவர்கள் படித்தால் அவர்களுக்கு: ஈயத்துக்கு ரத்தப் பரிசோதனை தனியாக இருக்கிறது, ஈயத்தோடு வேலை பார்ப்பவர்களுக்கு முதலாளியே ஏற்பாடு செய்ய வேண்டியது. முடிவு மோசமாக இருந்தால் முதல் சிகிச்சை அந்த வேலையிலிருந்து விலகி நிற்பது, அப்புறமும் தேவைப்பட்டால் உலோகத்தைப் பிடித்துச் சிறுநீரில் இறக்கும் மருந்து ஆஸ்பத்திரியில் உண்டு, அதுவும் டாக்டர் கண்காணிப்பில்தான், ஏனென்றால் உடம்புக்கு வேண்டிய துத்தநாகத்தையும் சேர்த்து இழுத்துப்போகும் மருந்தும் அதில் இருக்கிறது. கிளினிக்குக்குப் போகும்போது என்ன வேலை செய்கிறீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எடுக்கிற வழக்கமான ரத்தத்தில் ஈயம் தெரியாது, சொல்லாவிட்டால் டாக்டர் அந்தச் சோதனையை எழுதவும் மாட்டார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வுக்கூட உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.